ஒரே தூணில் இரண்டு முகங்கள்

“ஏங்க... ஏங்க! எங்க அப்பா மூஞ்சி மேலயே ஒட்டுறீங்களே!”

பசை சொட்டும் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி அவள் திரும்பினாள்.

மழை. காலையிலிருந்து கோபமும் இல்லாமல் அவசரமும் இல்லாமல் பெய்துகொண்டே இருந்த மழை. அதற்குள்ளிருந்து ஒருவன் பேருந்து நிலையக் கூரைக்கடியில் ஓடிவந்து நின்று மூச்சு வாங்கினான். தோளில் கனமான கருவிப் பை. கக்கத்தில் பாலிதீன் சுற்றிய காகிதச் சுருள். நெற்றி முடியிலிருந்து வழிந்த ஒரு துளி அவன் இமையில் தங்கி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஒரு கண்ணின் கருமணிக்கும் இன்னொரு கண்ணின் கருமணிக்கும் நடுவே அளவுகோல் வைத்து அளந்து எழுதுவாள். நாள் முழுக்க ஊரார் கண்களை நேருக்கு நேர் பார்த்து மரத்துப்போன தொழில். ஆனாலும் இந்தக் கண்களைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்தது போல இருந்தது. ஆளைத் தெரியாது... அதில் இருந்த அசதியைத் தெரியும். தினமும் காலையில் பல் தேய்க்கும்போது எதிரே நின்று பார்க்கிற அதே அசதி.

“உங்க அப்பாவா? எங்க?”

“அந்தப் பையனுக்கு அடியில.”

அவள் தூணைப் பார்த்தாள். அப்போதுதான் ஒட்டிய ஈரச் சுவரொட்டியில் அவள் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே இன்னொரு காகிதத்தின் ஓரம். அதில் நரைத்த முடி கொஞ்சம், ஒரு காது, ‘காணவில்லை’ என்பதில் முதல் எழுத்து மட்டும்.

“ஐயோ...” என்றாள். “மழையில ஊறித் தொங்குச்சுங்க. ஏதோ பழைய விளம்பரம்னு நெனச்சேன்.”

“போன வாரம்தான் ஒட்டினேன்.”

“மைதா மட்டும் போட்டுக் காய்ச்சினீங்களா?”

“ஆமா. ஏன்?”

“அது மழைக்குத் தாங்காது. தச்சு வேலைக்கு வாங்குற வெள்ளைப் பசையையும் கொஞ்சம் கலக்கணும். அப்புறம் காகிதத்துக்கு மேலயும் ஒரு கை பூசணும்.”

அவன் அவளைப் பார்த்தான். சண்டை போட வந்தவனுக்குச் சமையல் குறிப்பு கிடைத்தது போல ஒரு முழிப்பு.

“ரொம்ப நாள் அனுபவமோ?”

“மூணு வருஷம்.”

“எனக்கு எட்டு மாசம்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். “அப்ப நீங்க சீனியர். ஜூனியர் மேல சீனியர் ஒட்டினா கேள்வி கேட்க முடியாது.”

சிரிக்கிற விஷயமா இது? இல்லவே இல்லை... ஆனால் அவள் உதட்டோரம் என்னவோ அசைந்தது. அசைந்தது அவளுக்கே தெரிந்ததும் சட்டென்று திரும்பி, தம்பியின் சுவரொட்டியை நகத்தால் நெம்பி உரிக்கத் தொடங்கினாள்.

“விடுங்க, விடுங்க. கிழிஞ்சிடும்.”

“பரவால்ல. உங்க அப்பாதான் முதல்ல வந்தார்.”

“அதுக்காகப் பையனை உரிப்பீங்களா? இங்க பாருங்க, பக்கத்துல இடம் இருக்கு.”

தூணின் அந்தப் பக்கத்தில் வீடு வாடகைக்கு என்றொரு துண்டுக் காகிதம். அவன் அதை மரியாதையாக எடுத்துக் கீழே நகர்த்தி ஒட்டினான். அவள் பசை பூசினாள். அவன் தன் சுருளிலிருந்து புதிய அப்பா ஒருவரை எடுத்து விரித்தான்.

“இன்னும் கொஞ்சம் கீழ வைங்க. நடக்கிறவங்க பார்வை கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கும்.”

வைத்தான். தம்பியும் அப்பாவும் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஒரே பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் போலத் தெரிந்தார்கள்.

இருவரும் பசைக் கையோடு நின்று பார்த்தார்கள். பேருந்து ஒன்று வந்தது. இறங்கியவர்கள் குடை விரித்தார்கள், ஓடினார்கள். தூணை யாரும் பார்க்கவில்லை.

“இப்படித்தான்...” என்றாள் அவள், யாருக்கோ சமாதானம் சொல்வது போல.

“தெரியும்” என்றான் அவன்.

அந்த ‘தெரியும்’தான் அவளை நிறுத்தியது. எத்தனை பேர் எத்தனை ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள்... எல்லாம் சரியாகிவிடும், மனசைத் தளரவிடாதே, எங்கேயாவது நல்லா இருப்பான்... ‘தெரியும்’ என்று ஒருவரும் சொன்னதில்லை.

“ஞாயித்துக்கிழமை காலையில சும்மாத்தான இருப்பீங்க?” என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் காது சூடானது. “இல்ல... எங்கள மாதிரி ஆளுங்கல்லாம் ஒரு இடத்துல கூடுவோம். அதுக்குத்தான்.”

“அதுக்குத்தான்னு தெரியுதுங்க” என்றான். இமையில் இருந்த துளி அப்போதுதான் விழுந்தது.

கூடுகிற இடம் ஒரு மழலையர் பள்ளி வகுப்பறை. வாடகை கேட்காமல் கொடுத்த ஒரே இடம் அதுதான். சின்னச் சின்ன நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சுவரில் யானை, பூனை, ஆரஞ்சுப் பழம்.

எல்லோரையும் கட்டி மேய்ப்பவர் நர்ஸக்கா. மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் ஒரு காலையில் நடைப்பயிற்சிக்குப் போனார்... போனவர்தான். அழுது முடித்த பிறகு நர்ஸக்கா செய்த முதல் காரியம், பக்கத்து ஊர் மருத்துவமனைகளில் தனக்குத் தெரிந்த நர்ஸ்களுக்கெல்லாம் போன் போட்டது. இன்றைக்கு யார் வந்தாலும் அவரிடம்தான் முதலில் உட்கார வேண்டும்.

“போலீஸ்ல புகார் குடுத்ததுக்கு ரசீது வாங்கினீங்களா? வாங்கலையா? ‘அப்புறம் வா’ன்னா போயிடக் கூடாது தம்பி, அங்கயே உக்காந்துடணும். அப்பா உடம்புல என்ன தழும்பு? என்ன மருந்து சாப்பிடுவாரு? போட்டோ நேரா பார்க்கிற மாதிரி ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு குடுங்க. எல்லா ஆஸ்பத்திரிக்கும், எல்லா காப்பகத்துக்கும் நான் அனுப்புறேன். அப்புறம், நீங்க சாப்பிட்டீங்களா?”

கடைசிக் கேள்விக்குத்தான் அவன் தடுமாறினான். பூனைப் படத்துக்கடியில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்த அந்த நெடிய மனிதன் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்று அவன் அப்பாவைப் பற்றிச் சொன்னான். அப்பா பேருந்து நடத்துநராக இருந்தவர். அம்மா இறந்த பிறகு மறதி வந்தது. மகன் முகம் மறந்தது, வீடு மறந்தது, பேருந்து மட்டும் மறக்கவில்லை. எந்தப் பேருந்தைப் பார்த்தாலும் ஏறிவிடுவார். இவன் வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம், பக்கத்து வீட்டு அம்மா சற்றே கண் அசந்த நேரம்...

“ஏறிட்டாரு” என்றான். “எதுல ஏறினாருன்னு மட்டும் தெரியல.”

யாரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. அந்த அறையின் சுகமே அதுதான். இன்னுமா தேடுறீங்க என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

அவள் தம்பியின் கதையை நர்ஸக்காதான் சொன்னார். வேலைக்கான நேர்காணலுக்கு ரயில் ஏறினான். நேர்காணலுக்குப் போய்ச் சேரவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அக்கா இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையோடு போனான். வீட்டில் அவனுக்குப் பெயரே ‘தம்பி’தான். அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவன் போன பிறகு, பால்காரரை, பக்கத்து வீட்டுப் பையனை, வேறு எவரையும் அம்மா அந்த வார்த்தையால் கூப்பிட்டதே இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லோரும் ரயில் நிலைய வாசலில் வரிசையாக நிற்பார்கள். ஆளுக்கொரு படம் நெஞ்சோடு. ‘ஒரு நிமிடம் இந்த முகங்களைப் பாருங்கள்’ என்று மேலே ஒரு துணிப் பதாகை.

“பாவம்னு சொல்றவங்க யாரும் முகத்தைப் பார்க்கிறதில்ல, கவனிச்சீங்களா?” என்றான் அவன் ஒரு தடவை. அவர்களுக்குள் ஒரு படத்தின் அகலம்தான் இடைவெளி.

“கவனிச்சேன். அப்ப யார் பார்க்கிறா?”

“சின்னக் குழந்தைங்க. அப்புறம் பஸ்ஸ விட்டுட்டு நிக்கிறவங்க.”

“நீங்க?”

“நானா...” என்று இழுத்தான். “நான் பக்கத்துல நிக்கிறவங்களப் பார்க்கிறேன்.”

அவள் தம்பியின் படத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள். படத்துக்குப் பின்னால் சிரித்தாளா, கோபித்தாளா என்று அவனுக்குத் தெரியாது. அவளுக்கே அவ்வளவாகத் தெரியாது.

அவன் லிஃப்ட் மெக்கானிக் என்பதால் அவள் அவனை ‘லிஃப்ட்டுக்காரர்’ என்றாள். அவன் அவளைக் ‘கண்ணாடி மேடம்’ என்றான். நிலைய வாசல் டீக்கடையில் எப்போதும் ஒரே பெஞ்ச். தெரியாத எண்ணிலிருந்து யாருக்கு அழைப்பு வந்தாலும் இருவர் டீயும் ஆறிப்போகும். பேசி முடிக்கும்வரை மற்றவர் மூச்சுகூட விட மாட்டார். பெரும்பாலும் யாரோ விளையாட்டுக்குக் கூப்பிட்டிருப்பார்கள்... உங்க பையன் எங்ககிட்டதான் இருக்கான் என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள்.

“இவனுங்கல்லாம் எந்த லிஃப்ட்லயாவது மாட்டாமலா போவானுங்க” என்பான் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு. “அன்னிக்கு நான் லீவு.”

அவள் சிரித்துவிடுவாள். அவ்வளவுதான், அந்த வாரத்துக்கான சிரிப்பு.

பிறகு ஒருநாள் நிஜமாகவே ஓர் அழைப்பு வந்தது. தொலைவில் ஒரு ஊரில், ஒரு துணிக்கடையில் தம்பியைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். குரல் நல்ல மனிதருடையதாக இருந்தது. அம்மாவிடம் சொல்லாமல் போய்விடலாம் என்று நினைத்தாள். ஆனால் அம்மா அவள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

அவன் கூட வந்தான். கேட்டதற்கு, “அந்த ஊர் பஸ் ஸ்டாண்டுல அப்பாவ ஒட்டணும்” என்றான்.

துணிக்கடையில் அந்த இளைஞன் ஏணியில் நின்று முதுகைக் காட்டியபடி பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கழுத்து... தோள்... காதுக்குப் பின்னால் முடி சுழித்திருந்த விதம்... அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். கூப்பிட வாய் வரவில்லை. கூட வந்தவன்தான் மெல்ல, “தம்பி” என்றான்.

இளைஞன் திரும்பினான்.

இல்லை.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். அந்தப் பையன் இறங்கி வந்து, “என்ன பார்க்கிறீங்க மேடம்? புடவையா, சுடிதாரா?” என்றான்.

“அம்மாவுக்குப் போன் பண்ணினீங்களா?” என்று கேட்டாள் அவள்.

“யார் அம்மாவுக்கு?”

“உங்கம்மாவுக்கு. இங்க வேலை பார்க்கிறீங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியுமே...” அவன் குழம்பிப்போனான்.

“சரி. இன்னிக்கு ஒருதரம் பேசுங்க.”

திரும்பும் பேருந்தில் அவள் அழவில்லை. ஜன்னல் கம்பியில் மழைத் துளிகள் வரிசையாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். களைப்பாக இருந்தது. ஒருநாள் களைப்பு இல்லை. எலும்புக்குள் ஈரம் இறங்கியது போன்ற களைப்பு. எப்போது தூங்கினாள் என்று தெரியாது. விழித்தபோது அவள் தலை அவன் தோளில் இருந்தது. அவன் ஆடாமல் அசையாமல், மரத்துப்போன கையோடு நேராக உட்கார்ந்திருந்தான்.

“எழுப்பியிருக்கலாமே...”

“லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னா ஆட்டக் கூடாதுங்க. அதான் முதல் பாடம்.”

வீட்டு வாசலில் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. அம்மா இருவரையும் பார்த்தாள். இருவருக்கும் பின்னால் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “உள்ள வாங்க சார், டீ போடுறேன்” என்றாள்.

அவன் போன பிறகு டம்ளரைக் கழுவிக்கொண்டே அம்மா கேட்டாள். “நல்ல பிள்ளையா இருக்காரு. பிடிச்சிருக்கா உனக்கு?”

அவள் கழுவிய டம்ளரை வாங்கித் துடைத்தாள்.

“பிடிக்கலைன்னு சொல்ல மாட்டேங்கிறியே.” அம்மா தண்ணீரை நிறுத்தினாள். “அதுல தப்பில்ல பாப்பா. ஆனா அவன் வராம இந்த வீட்டுல ஒரு நல்ல காரியம் எப்படிப் பண்றது சொல்லு? நாளைக்கே வந்து நிக்கிறான்னு வை. ‘நான் இல்லாமயே எல்லாத்தையும் முடிச்சுட்டீங்களா’ன்னு கேட்டா... நான் என்ன சொல்றது?”

அம்மா சொன்னதில் புதிதாக ஒன்றும் இல்லை. முன்பு ஒரு வரன் வந்தபோது மாப்பிள்ளை வீட்டாரிடம் இதையே மகளான அவள்தான் சொன்னாள். அப்போது சொல்வது சுலபமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு டீக்கடை பெஞ்சில் அவன் கேட்டான். “தம்பி வந்ததுக்கப்புறம்... என்ன பண்றதா இருக்கீங்க?”

“வந்ததுக்கப்புறம் யோசிக்கலாம்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் எதுவும் இல்லங்க.” டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எதுவுமே இல்ல.”

அவன் தலையாட்டினான். கெஞ்சவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது... கொஞ்சம் கெஞ்சியிருக்கலாம்.

அவன் அப்பா கிடைத்தார்.

நர்ஸக்காவின் போனுக்குத்தான் முதலில் செய்தி வந்தது. வெகு தூரத்தில் ஒரு மருத்துவமனை. சாலையோரம் விழுந்து கிடந்த பெரியவர் ஒருவரை யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். சில வாரம் இருந்து, காய்ச்சலில் இறந்துபோனார். ஊர் பேர் தெரியாததால் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அந்த வார்டு நர்ஸ் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய், அங்கே நர்ஸக்கா அனுப்பிய படங்களைப் பார்த்து அலறியிருக்கிறாள். இந்தத் தாத்தாவை எனக்குத் தெரியுமே!

வகுப்பறையில் நர்ஸக்கா இதைச் சொன்னபோது எல்லோரும் எழுந்துவிட்டார்கள். சிலர் அழுதார்கள். அவள் மட்டும் ஆரஞ்சுப் பழப் படத்துக்கடியில் உட்கார்ந்தே இருந்தாள். நெஞ்சுக்குள் எழும்பியது என்ன என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் தன்னைத் தானே பார்க்கப் பிடிக்காமல் கண்களை மூடிக்கொண்டாள்.

அவன் அந்த ஊருக்குப் போய்விட்டு வந்த பிறகு அம்மாவை அழைத்துக்கொண்டு துக்கம் விசாரிக்கப் போனாள். சின்ன வீடு. கதவு ஓரம் ஆணியில் நடத்துநர் பை ஒன்று தொங்கியது. அவன் நாற்காலிகளை எடுத்துப் போட்டான்.

அம்மாதான் கேட்டாள். “கஷ்டப்பட்டாரா? பக்கத்துல யாராவது இருந்தாங்களா?”

“இருந்தாங்கம்மா. அந்த நர்ஸு ராத்திரி டூட்டி வாங்கிட்டுக் கூடவே இருந்திருக்காங்க.” அவன் குரல் தட்டையாக இருந்தது. “தினமும் சாயங்காலம் அப்பா எந்திரிச்சு, கட்டில் கட்டிலாப் போயி, ‘டிக்கெட் எடுத்தாச்சா, டிக்கெட் எடுத்தாச்சா’ன்னு கேப்பாராம். வார்டுல எல்லாரும் ‘எடுத்தாச்சு’ன்னு சொல்லுவாங்களாம். ஒருத்தர் மட்டும், புதுசா வந்தவர், ‘என்ன டிக்கெட்டு’ன்னு கேட்டிருக்காரு. அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுங்கன்னு அப்பா சொல்லிட்டாராம்.”

சொல்லிக்கொண்டே வந்தவன் அங்கே சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது.

அம்மா எழுந்து போய் அவன் தலையில் கை வைத்தாள். “அழுதுடு தம்பி” என்றாள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வருடமாக அம்மாவின் வாயில் பூட்டிக் கிடந்த வார்த்தை. சொன்னதை அம்மா உணர்ந்தாளா என்று தெரியவில்லை. அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்... யாருடைய தலை என்பது அவள் கைக்கு மறந்துபோனது போல.

அதன் பிறகு அவள் ஞாயிறு கூட்டத்துக்குப் போகவில்லை. கடையில் வேலை அதிகம் என்றாள். நர்ஸக்கா போன் போட்டு, “அந்தப் பிள்ளை வாராவாரம் வந்து புதுசா வர்றவங்களுக்குப் பசை காய்ச்சக் கத்துக் குடுக்குது. நீ எங்க?” என்றார். அவள் தலைவலி என்றாள்.

ஒரு மாலை அம்மா அவள் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

“அந்தப் பிள்ளைய எதுக்கு ஒதுக்குற? நான் சொன்னதுக்கா?”

“இல்லம்மா.”

“நானும் யோசிச்சேன். அவன் வருவான். வந்து ‘அக்கா எங்க’ன்னுதான் முதல்ல கேப்பான். ‘கல்யாணமாகிப் போயிருக்கா, ஓடிப்போய்ப் பாரு’ன்னு சொன்னா அவன் மூஞ்சி எப்படி இருக்கும்? ‘உனக்காக மூலையில உக்காந்து நரைச்சுப் போயிட்டா’ன்னு சொன்னா எப்படி இருக்கும்?” அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கதவத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்க இந்த வீட்டுக்கு ஒரு ஆள் போதும் பாப்பா. அது நான்.”

லிஃப்ட்டுக்காரர் வேலை செய்யும் இடத்தை நர்ஸக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். உயரமான பழைய குடியிருப்பு. கீழ்த்தளத்தில் காய்கறிப் பையோடு ஒரு பெரியவர் லிஃப்ட் வாசலில் அலுத்துக்கொண்டு நின்றார். அவள் படியேறினாள். மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்திருந்தது. குறுக்கே ஒரு சங்கிலி. உள்ளே இருட்டு. எட்டிப் பார்த்தால் கொஞ்சம் கீழே, நின்றுபோன லிஃப்ட்டின் தலைமேல் அவன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். நெற்றியில் கட்டிய விளக்கு சுவரில் ஆடியது.

“லிஃப்ட்டுக்காரரே...”

விளக்கு சட்டென்று திரும்பி அவள் முகத்தில் அடித்தது. உடனே தாழ்ந்தது.

“கண்ணாடி மேடமா? என்னங்க, எதாவது சேதி வந்துச்சா? தம்பி...”

“இல்ல. சேதி இல்ல. கொஞ்சம் மேல வரீங்களா?”

“இந்த போல்ட்ட விட்டா சிக்கல். கொஞ்ச நேரம் ஆகும். ஏன், என்ன ஆச்சு?”

அவனுடைய கண் தெரியவில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று. கண்ணைப் பார்த்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

“உங்க அப்பா சேதிய நர்ஸக்கா சொன்னாங்கல்ல... அப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா?”

“என்ன?”

“பொறாமை.”

கீழே இரும்புச் சத்தம் நின்றது.

“அழுகை வரலைங்க. ‘இவருக்குக் கிடைச்சிருச்சு’ன்னுதான் முதல்ல தோணுச்சு. ‘ஒரு வருஷத்துலயே கிடைச்சிருச்சு, நமக்கு இன்னும் கிடைக்கலையே’ன்னு. செத்துப் போன சேதிக்குப் போயி பொறாமைப்பட்டேன். அந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எப்படி உங்க முன்னாடி வந்து உக்கார்றது? அதான் வரல. உங்க மேல கோபம்லாம் இல்ல...”

சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள்.

நெற்றி விளக்கு மெல்லச் சுவர் பக்கம் திரும்பியது.

“எனக்கு என்ன தோணுச்சுன்னு சொல்லட்டுமா?” என்றான். “திட்டக் கூடாது.”

“சொல்லுங்க.”

“அப்பா படுத்திருந்த கட்டிலக் காட்டினாங்க. அதுல இப்ப வேற யாரோ படுத்திருந்தாங்க. அதைப் பார்த்துக்கிட்டே நிக்கிறேன்... ஒழுங்கா ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரல. அதுக்குள்ள, ‘இனிமே ஞாயித்துக்கிழமை அங்க போறதுக்கு எனக்கு என்ன காரணம் இருக்கு’ன்னு தோணிருச்சு.” நிறுத்தினான். “பெத்த அப்பன் செத்த இடத்துல நின்னுக்கிட்டு, உங்களப் பார்க்க என்ன சாக்கு சொல்றதுன்னு யோசிச்சவன் நான். உங்க பொறாமை எவ்வளவோ மேல.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அதனாலதான் வாராவாரம் போறீங்களா?”

“பசை காய்ச்சத்தான் போறேன். ஆனா நீங்க வந்தா நல்லா இருக்கும்.”

“தம்பி!” கீழ்த்தளத்திலிருந்து பெரியவரின் குரல் லிஃப்ட் குழி முழுக்க முழங்கியது. “பிடிச்சிருக்குன்னு நேராச் சொல்லித் தொலையுங்களேன்! நான் காய்கறியோட நிக்கிறேன்!”

“பிடிச்சிருக்குங்க!” என்று கத்தினான் அவன். அவருக்கா, அவளுக்கா... சத்தம் எல்லா மாடிகளிலும் மோதித் திரும்பியது.

அவள் முகம் சிவந்து சுவரில் சாய்ந்தாள். பிறகு மெல்ல, மறுபடி எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

“எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா நான் தேடுறத நிறுத்த மாட்டேன்.”

“யாரு நிறுத்தச் சொன்னா?”

“யாராவது எங்கயாவது பார்த்தேன்னு சொன்னா, பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு பஸ் ஏறிடுவேன்.”

“ஏறுங்க. சாப்பாட்ட நான் கட்டி எடுத்துக்கிட்டு வரேன்.”

“நல்லா சிரிச்சுக்கிட்டு இருக்கும்போதே திடீர்னு அழுவேன்.”

“எனக்கும் அப்படித்தான் வருது.”

“அவன் வரவே...” முடிக்க முடியவில்லை.

“அதை நீங்க சொல்ல வேண்டாம்” என்றான் அவன். “நானும் சொல்ல மாட்டேன். வந்தா எல்லாரும் சேர்ந்து சந்தோஷப்படுவோம். அதுவரைக்கும் சேர்ந்து தேடுவோம். எனக்கு வேற ஆள் யாருங்க இருக்கா, தேட?”

போல்ட் இறுகும் சத்தம் கேட்டது. எங்கேயோ மோட்டார் முனகி எழுந்தது. அவன் இரும்பு ஏணியைப் பிடித்து மேலே வந்தான். கையெல்லாம் கருப்பு எண்ணெய். அவளுக்கும் தனக்கும் நடுவே இருந்த சங்கிலியைக் கழற்றாமல் அப்படியே நின்றான். அவள் அவன் கண்களைப் பார்த்தாள்... அளக்கவில்லை, எழுதவில்லை, வெறுமனே பார்த்தாள். அசதி அப்படியேதான் இருந்தது. அது போகாது என்று இருவருக்கும் தெரியும்.

“லிஃப்ட் ரெடி” என்றான். “கீழ போலாமா?”

“படியில போலாம்” என்றாள். “மெதுவா.”